வட்டவளையில் எல்லோரும் நலம்

போன மாதம் ஒரு ஞாயிறு. ஹட்டனில் எங்கள் சிறிய குழுவின் அறைக்கு ஒரு பெண் வந்தார். பெயர் மகேஸ்வரி. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். நனைந்த குடையை மடக்கியபடியே கேட்டார்.

“கூரைத் தகரம் குடுக்கிற லிஸ்ட்ல எங்க லயம் கடைசியில இருக்காமே... ஏங்க சார்?”

“நாங்க யாரும் ஆள் பாத்து முடிவு பண்ணலம்மா. கம்ப்யூட்டர்தான் பண்ணுச்சு!” என்றேன். என்ன பெருமை எனக்கு!

கதை இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒழுகுபவற்றுக்குத் தகரம் வாங்கிக்கொடுக்க நண்பர்கள் சிலர் சேர்ந்தோம். குறையைக் கடிதமாக எழுதச் சொன்னோம். கடிதங்கள் குவிந்துவிட்டன! யாருக்கு முதலில் கொடுப்பது? எல்லாவற்றையும் டைப் செய்து, எழுத்தை அலசும் மென்பொருள் ஒன்றில் போட்டோம். அதற்கு ஒரு சொல் அகராதி வேண்டும் – எந்தச் சொல் வந்தால் கஷ்டம், எது வந்தால் சந்தோஷம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அகராதி என் பொறுப்பு. சும்மா விடுவேனா? ‘ஒழுகுது’, ‘ஒழுகுகிறது’, ‘நனையுது’, ‘ஓட்டை’ எல்லாம் கஷ்டப் பட்டியலில். ‘நலம்’, ‘சுகம்’, ‘நன்றி’ எல்லாம் சந்தோஷப் பட்டியலில். சந்தோஷம் கூடக்கூட, வரிசையில் பின்னுக்கு.

மகேஸ்வரியின் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

“அன்புள்ள ஐயா அவர்களுக்கு, நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக வாழ முருகனை வேண்டுகிறோம். தங்கள் உதவிகளுக்கு நன்றி...” பக்கம் முழுக்க என் சுகம்தான்! கடைசியில், கையெழுத்துக்கு மேலே ஒரே வரி: “கூரை சற்று ஒழுகுகிறது.”

“சற்றுன்னா எவ்வளவும்மா?”

“மூணு எடத்துல சட்டி வச்சிருக்கேங்க. மக ஓ.எல் பரீட்சை எழுதப் போறா. புத்தகமெல்லாம் அரிசி டின்னுக்குள்ளதான் இருக்கு.”

“அதை முதல்லயே எழுதக் கூடாதா?”

“எடுத்த எடுப்புல குறை சொன்னா மரியாதையாங்க?”

மற்றக் கடிதங்களையும் புரட்டினேன். அந்த லயமே அப்படித்தான் எழுதியிருந்தது. வட்டவளையில்... எந்நேரமும் மழை, வெயில் அடித்தால்தான் செய்தி என்கிற ஊரில்! என் அகராதியின்படி, மலையகத்திலேயே மகிழ்ச்சியான மனிதர்கள் அங்கேதான் வாழ்கிறார்கள்.

வெட்கமாகப் போய்விட்டது. நானும் லயத்துப் பிள்ளைதானே? கொழும்பில் வேலை இல்லாமல், பகலுக்கு வெறும் டீயோடு திரிந்த நாட்களில் அம்மாவுக்கு நான் என்ன எழுதினேன்? ‘நலம்’ என்றுதான்.

மகேஸ்வரியின் முன்னாலேயே ‘நலம்’, ‘சுகம்’, ‘நன்றி’ மூன்றையும் சந்தோஷப் பட்டியலிலிருந்து தூக்கினேன். மறுபடி ஓடவிட்டேன். அந்த லயத்துக் கடிதங்களின் ‘ஒழுகுகிறது’ எல்லாம் ஒன்றுசேர, வட்டவளை ஒரே தாவலில் முதலிடம்!

“அப்ப இனிமே இந்த மெஷினுக்கு ஏசித்தான் எழுதணுமாங்க?”

“ஐயோ வேணாம்மா. நீங்க உங்க பாட்டுக்கு எழுதுங்க. திருந்த வேண்டியது நான்தான்.”

இந்த வாரம் புதுத் தகரம் ஏறிவிட்டது. நேற்று மகேஸ்வரியின் கடிதமும் வந்தது. வழக்கம்போல முதல் வரி: “நாங்கள் அனைவரும் நலம்.”

பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள்: “இந்தத் தடவை நெசமாவேங்க.”