துரை குடித்த டீ

ஜனங்களுக்கு டீ குடிக்கப் பழக்கிவிடுவதற்கென்றே ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்த காலம் அது. அடுப்பு, அண்டா, டம்ளர்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரையைச் சுற்றிச் சந்தை சந்தையாகப் போவோம். காய்ச்சி ஓசியில் ஊற்றுவது என் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, காப்பி குடித்தால் பித்தம், டீ குடித்தால் தெம்பு என்று முழங்குவது எங்கள் இன்ஸ்பெக்டர் வேலை. நடுநடுவே வண்டிக்குப் பின்னால் போய் ஒரு பிளாஸ்க்கைத் திறந்து குடிப்பார். கேட்டால் கஷாயம் என்பார். காப்பிக் கஷாயம்!

வாடிப்பட்டிச் சந்தையில் எங்கள் அண்டாவைச் சுற்றித் தேர்க்கூட்டம். ஆனால் பக்கத்துக் கடையில் விற்பனைக்கு வைத்த டீப் பொட்டலங்கள் தூசி படிந்து கிடந்தன. கடைக்காரர் சிரித்தார்.

"வாரந்தவறாம வந்து சும்மா ஊத்துறீக. பெறகு எவண்ணே காசு குடுத்து வாங்குவான்? நீங்க வாரத நிப்பாட்டுங்க, தன்னால விக்கும்."

இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவரோ, எனக்குக் கைப்பக்குவம் போதாது என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார். கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையே நேரில் வந்து ருசி பார்த்து, என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார் என்றார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வேலை போனால் மாமனார் வீட்டுச் சோறுதான்.

காலையில் வரவேண்டிய துரையின் கார் உச்சி வெயிலில் வந்தது. அதற்குள் சந்தைக்கூட்டம் அண்டாவைத் துடைத்துவிட்டது. பாலும் தீர்ந்துபோயிற்று. வேர்த்து வழிய இறங்கிய துரை, இன்ஸ்பெக்டர் தோளில் தொங்கிய பிளாஸ்க்கைக் காட்டி அதில் என்ன என்று கேட்டார். மனிதர் என்ன சொல்வார், பாவம்?

"டீ, சார்."

ஊற்றியதுமே வாசனை ஊரைத் தூக்கியது. கூட்டத்தில் ஒருவன், "ஏ மாப்ள, நமக்கு டீத்தண்ணி, தொரைக்கு மட்டும் காப்பியாம்ல" என்றான். துரை டம்ளரை முகர்ந்தார், இன்ஸ்பெக்டரை ஒரு பார்வை பார்த்தார், மடமடவென்று குடித்தார். பிறகு டம்ளரை மறுபடி நீட்டினார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டரின் டீ பிரமாதமாம், அவருக்குச் சம்பள உயர்வு. பொட்டலம் விற்காததற்கு என் கைதான் காரணமாம், எனக்குச் சீட்டுக் கிழிந்தது. அந்த மூதேவிக் கம்பெனியில் டீயை மனதாரக் குடித்தவன் நான் ஒருவன்தான்.

மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காப்பி கொடுத்தார்கள். பித்தம் என்று சொல்ல முடியுமா? குடித்தேன்.