கரிக்கல்லுக்குக் குரல் கொடுத்தவள்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிவந்தது அவள் குரல்தான். விளக்கணைந்ததும் மைக் முன்னால் உட்கார்ந்து, கூரையில் தெரிவதைச் சொல்ல வேண்டும். படக்கருவியை ஓட்டுகிறவன் அவளைக் கல்யாணம் கட்டிக்கொண்டான். மைக்கும் கருவியறையில்தான்; அங்கே இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் இடிக்கும். கை நீட்ட அவனுக்கு அந்த இடம் போதும்.

படம் சிக்கினால் அடி. கூட்டம் சிரித்தால் அதற்கும் அடி. அடிக்குமுன் மைக்கை அணைப்பான், முடிந்ததும் போடுவான். அவள் விட்ட இடத்திலிருந்து பிசிறில்லாமல் தொடர்வாள். மேனேஜரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"தினமும் கேக்கறேனேம்மா. உன் குரல்ல அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றார்.

அன்று மத்தியானக் காட்சியில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூரையில் கறுப்பாக ஒரு சிறுகோள் உருண்டது.

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துது. உடம்பெல்லாம் கரி. விழுற வெளிச்சத்துல நூத்துல நாலு பங்குகூடத் திருப்பித் தராது. கோடிக்கணக்கான வருஷமா மத்த கல்லுங்க வந்து மோதுது. இந்தக் குழியெல்லாம் வாங்கின அடி."

"அடிச்ச கல்லு என்னாச்சுக்கா?" என்றது இருட்டில் ஓர் ஆண்குரல்.

"அதுவும் தூள்தான், அண்ணே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புருஷன் மைக்கை அணைத்தான். அவள் கூந்தலைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். உதடு கிழிந்தது.

"எவன்டி உனக்கு அண்ணன்? இருட்டுன்னா இளிப்பியா?"

மைக்கைப் போட்டுவிட்டு, பேசு என்று ஜாடை காட்டினான்.

அவள் பேசவில்லை. கல் மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

"அக்கா தூங்கிட்டாங்கப்பா" என்றான் ஒருவன். மறுபடி சிரிப்பு.

மைக்கைப் போட்டது தன் கைதான் என்பது அவனுக்கு மறந்துபோயிற்று. ஓங்கி அறைந்தான். அந்த அறை கூரை முழுக்க வெடித்தது.

"பேசுடி. இங்கயே கொன்னு போட்டுருவேன்."

அதுவும் கேட்டது. சிரிப்பு நின்றது. அவன் மைக்கைப் பார்த்தான். கை அதற்குப் போகுமுன் அவள் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேனேஜர் சார், இப்பத் தெரியுதா?" என்றாள். பிசிறில்லாத அதே குரல்.

கதவை உடைத்துக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். அவனைச் சுவரோடு சாத்தி அடித்தார்கள். எலும்பில் விழுந்தது, வயிற்றில் விழுந்தது, அவன் அம்மாவைக் கூப்பிட்டது எல்லாம் கூரையில் கேட்டது. பின்னாலேயே ஓடிவந்த மேனேஜர் வாசலில் நின்று, "போதும்பா, செத்துடப் போறான்" என்றார்.

மைக்கை அணைக்கும் பொத்தான் அவள் கட்டைவிரலுக்கடியில் இருந்தது. அவள் அழுத்தவில்லை.