சவரிமுத்து அண்ணன் போட்ட எண்

இதை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. பட்டப்பகலில், தெளிந்த புத்தியோடு, என் கண்ணால் பார்த்தது. நாற்பத்தாறு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். எழுத்தில் பிழை இருக்கலாம். நடந்ததில் இல்லை.

இரண்டு வருசம் கீழ்புத்துப்பட்டில் கட்டட வேலை பார்த்துவிட்டு, போன மே மாதம்தான் மரக்காணம் உப்பளத்துக்குத் திரும்பினேன். இடது பாதம் தணலில் வைத்தது போல எரியும். விரலில் ஒரு புண், ஆறவே இல்லை. உப்புக் கொட்டகையில் மருத்துவ முகாம் போட்டார்கள். நரம்பு கெட்டிருக்கிறது, ஒரு வாரத்துக்குள் திண்டிவனம் போ, விட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் உண்டாம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று முடிவு செய்வார்களாம். கம்ப்யூட்டரில் பதிகிற பெண் சந்தியா, எனக்கு ஜி 62.9 என்று போட்டாள். சீட்டிலும் எழுதினாள். நானே படித்தேன்.

மணி 1.05. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சீட்டுகள் கடல்காற்றில் பறக்காமல் மேலே உப்புக்கட்டி வைத்திருந்தது. காவலுக்கு நான் மட்டும்.

பெஞ்சு அசைந்தது. பக்கத்தில் சவரிமுத்து அண்ணன். முன்பு என்னோடு உப்பு வாரியவர்.

"இன்னாப்பா பலராமா, கால் எரியுதா?"

"ஆமாண்ணே. ஒரு வாரம் டைம் குடுத்துருக்காங்க."

"ஒரு வாரம்லாம் தாங்காது. இன்னைக்கே போ."

இடது பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். உப்பு படிந்த கை. தேய்த்தால் சரசரவென்று கேட்கும். கேட்கவில்லை...

மணி 1.12. எழுந்து நடந்தார். வரப்பில் இல்லை. உப்பு பூத்துக்கொண்டிருந்த பாத்திக்குள். எந்த உப்பளத்து ஆளும் அதைச் செய்ய மாட்டான். அத்தனை நாள் பாடும் வீணாகிவிடும். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நொறுக்...

அடுத்த அடிக்குச் சத்தமில்லை.

நொறுக்...

மறுபடி இல்லை.

கண் கூசியது. இமைத்துப் பார்த்தால் ஆள் இல்லை.

ஓடினேன். பாத்தி நடுவரை தடம்.

எல்லாம் வலது கால்.

சந்தியா வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். என் பெயருக்கு நேரே ஜி 54.6. பதிந்த நேரம் 1.12.

"இத நான் போடலீங்கண்ணா. இது கால் எடுத்தவங்களுக்குப் போடுறது. இல்லாத கால்ல வலி வரும், அதுக்கு."

திருத்திக் கொடுத்தாள். அன்றைக்கே திண்டிவனம் போனேன். விரலோடு போயிற்று. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் முழங்கால் வரை எடுத்திருப்பார்களாம்.

கட்டோடு ஊர் திரும்பியதும் சவரிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். சுவரில் மாலை போட்ட படம். ஏழு மாதம் ஆகிறதாம். இடது காலை எடுத்தும் எரிச்சல் நிற்கவில்லை, கடைசிவரை தூங்கவே இல்லை என்று அவர் மனைவி லூர்துமேரி அக்கா சொன்னார்.

எடுத்த காலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"ஆஸ்பத்திரில குடுத்துட்டாங்கப்பா. உப்பளத்து ஓரமாப் பொதைச்சோம். அப்ப சும்மா கெடந்த மேடு. இப்ப அங்கயும் பாத்தி கட்டிட்டாங்க."

எந்தப் பாத்தி என்று நான் கேட்கவில்லை.