சும்மா இருந்தவளுக்குக் கொடுத்த மிஷின்

அந்த மேனேஜரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என் பேனாவுக்குத்தான் கேடு. ஆனால் ‘அவர், இவர்’ என்று மரியாதை கொடுத்தே எழுதுகிறேன். மரியாதை கொடுப்பதால் வஞ்சம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அவர் கையில் இருந்தது. ஊருக்கு நல்லது செய்கிற வேலையும் அவர் கையில்தான். அதை சி.எஸ்.ஆர். என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, தெருவுக்குக் குடிதண்ணீர் டேங்க், கண் பரிசோதனை முகாம் என்று எல்லாக் கம்பெனியும் ஏதோ செய்கிறது. தர்மத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஷூவை மட்டும் பார்ப்பதில்லை, ஊருக்கு என்ன செய்தாய் என்றும் கேட்கிறார்கள். பதில் நன்றாக இருந்தால் ஆர்டர் நிலைக்கும். லைனில் குனிந்து உட்கார்ந்து தைக்கிற எங்களுக்கே இது தெரியும்.

நான் அங்கே பதினைந்து வருஷம் அப்பர் தைத்தேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால் தோல் துண்டுகளை வளைத்துச் சேர்த்துத் தைப்பது. வீட்டுக்காரர் போன பிறகு என் மகளை நர்ஸிங் படிக்க வைத்தது அந்தத் தையல்தான். கல்யாண வீட்டில் யாராவது “நீ இன்னா பண்றே?” என்று கேட்டால் “ஷூ கம்பெனில ஸ்டிச்சிங்” என்பேன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் திமிர் இருக்கும். ஏன், எனக்கு இருக்கக்கூடாதா?

ஒரு ஆடி மாதம் எங்கள் லைனை மூடினார்கள். மேனேஜர் எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, நாங்களாகவே விலகுவதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“ஆர்டர் கம்மிம்மா. வந்தா மொதல்ல உங்களத்தான் கூப்புடுவேன்” என்றார்.

கூப்பிட்டார்தான். ஐப்பசியில் ஆள் அனுப்பினார். வேலைக்கு இல்லை, விழாவுக்கு. வருமானம் இல்லாத ஏழைப் பெண்களுக்குக் கம்பெனி இலவசமாகத் தையல் மிஷின் கொடுக்கிறதாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பச்சைப் புடவை கொடுத்து, அதைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்றார்கள்.

லைனில் என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர் பேரணாம்பட்டு அக்கா. புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “புள்ளையையும் கிள்ளி உட்டு தொட்டிலையும் ஆட்றான். போவணுமாடி நாம?” என்று கேட்டார்.

“போவலாம்க்கா. மிஷினாவது மிஞ்சும்” என்றேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே வரிசையாக நின்றவை ஜாக்கெட் தைக்கிற மிஷின்கள் அல்ல. நடுவில் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும், ஷூ அப்பர் தைக்கிற மிஷின்கள். மூடிப்போன எங்கள் லைனில் இருந்தவையேதான். பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் கம்பெனியின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். மேடையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாலையும் ரிப்பனும் மட்டும் தெரிகிற மாதிரி அலங்காரம் வேறு. அதில் ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தால் தைக்கிறவளுக்கும் பைத்தியம், போடுகிறவளுக்கும் பைத்தியம் பிடிக்கும். மேனேஜருக்கு அது தெரியாதா என்ன? எப்படியும் பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியதை எங்கள் தலையில் கட்டினால் கம்பெனிக்குப் புண்ணியம் செய்த பெயர். வாங்கிப் போய் நாங்களும் இரும்புக்குத்தான் போடுவோம் என்று நினைத்தார். அங்கேதான் அவர் கணக்கு தப்பியது. தைக்கத் தெரிந்த கைகளை முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டார், பின்னாலேயே மிஷினையும் அனுப்புகிறார் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, இதற்கு முன்னால் நீ என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். நல்ல முகம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

“ஹவுஸ் ஒய்ஃப், மேடம். சும்மா சிட்டிங் அட் ஹோம்.”

பதினைந்து வருஷம் கம்பெனிக்குள் இருந்தவளுக்கு அந்த இங்கிலீஷ் புரியாதா? ஃபோட்டோக்காரர் காத்திருந்தார். மேனேஜர் குனிந்து, “சிரிங்கம்மா, கொஞ்சம் நல்லா சிரிங்க” என்றார். சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் பெரிதாக அச்சடித்துக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் போர்டு வைத்தார்கள்.

வேலையை விட்டு அனுப்பியதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஊரில் எத்தனை கம்பெனி மூடுகிறது, எத்தனை பேர் பீடி சுற்றப் போகிறார்கள். ஆனால் நான் வேலை செய்ததே இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னால்? வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைப் புடவையைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். இன்றைக்கும் மிஷினில் எண்ணெய் துடைப்பது அந்தத் துணியால்தான். துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சுகம்.

மேனேஜருக்குத் தெரியாதது ஒன்று நடந்தது. எங்கள் தெருக் கடைசியில் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதைக் கூட்டிக் கழுவி, எல்லோருடைய மிஷினையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தோம். அவர் கம்பெனிக்குப் போட்டியாக இருந்த இன்னொரு ஷூ கம்பெனிக்குப் போய் வேலை கேட்டோம். எங்கள் கையைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். வெட்டிய தோல் மூட்டையாக வரும், அப்பராகத் திரும்பிப் போகும். நாள் ஆக ஆக மூட்டையும் ஜாஸ்தியானது.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. உள்ளே வேலூர் கடையில் வாங்கிய புது ஜாக்கெட்டுகள்.

“மேடம் நாளைக்கு வர்றாங்கம்மா. மிஷின் வாங்குனவங்க எப்படி இருக்காங்கன்னு நேர்ல பாக்கணுமாம். அடுத்த ஆர்டரே இதுலதான் இருக்குது” என்றவர், குரலைத் தாழ்த்தி, “மிஷின் இருக்குதா, இல்ல வித்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“பத்திரமா இருக்குது சார். எல்லாமே ஒரே கொட்டாயில இருக்குது. இன்னிக்கி லீவு, பூட்டி வெச்சிருக்கோம்.”

“பரவால்லியே. இந்த ஜாக்கெட்டயெல்லாம் மிஷின் பக்கத்துல வெச்சுக்குங்க. கேட்டா நீங்க தெச்சதுன்னு சொல்லுங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா.”

“அதுக்கின்னா சார், அனுசரிச்சுட்டாப் போச்சு” என்றேன். காப்பி கூடப் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாக.

மறுநாள் கார் வந்து நின்றபோது கொட்டகையில் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜாக்கெட்டும் வெளியே இல்லை. தரையெல்லாம் அப்பர் கட்டு. அந்த அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குத் தொழில் தெரியும். இவ்வளவு நன்றாக எங்கே கற்றுக்கொண்டாய் என்று என்னைக் கேட்டார். மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் வாய் பழைய பழக்கத்தை விடவில்லை.

“ஹவுஸ் ஒய்ஃப் மேடம், நம்ம ட்ரெய்னிங்…”

எழுந்து நின்றேன்.

“நோ மேடம். ஃபிஃப்டீன் இயர் ஸ்டிச்சிங். சார் கம்பெனி. லைன் க்ளோஸ், சார் சென்ட் அவுட். ஆஃப்டர், மை மிஷின் கிவ் மீ. ஃபோட்டோ.”

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். அதுவே போதுமானதாக இருந்தது. கம்பெனியில் இருந்த காலத்தில், காலையில் லைனில் ஆஜர் எடுக்கும்போது ஒவ்வொருத்தியும் எழுந்து தன் டோக்கன் நம்பரைச் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் பேரணாம்பட்டு அக்கா எழுந்து தன் பழைய நம்பரைச் சொன்னார். நான் சொல்லிவைக்கவில்லை. அடுத்தவள் எழுந்தாள். கடைசி மிஷின் வரைக்கும் வரிசையாக நம்பர் போனது. இதைத் தங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்த அம்மா மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டதற்கு, “லாங்குவேஜ் ப்ராப்ளம், மேடம்” என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தக் கம்பெனிக்குள் இன்னும் வேலையில் இருந்த ஒருத்தி, “எங்க வயித்துல அடிச்சிட்டியே” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அது எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. நல்லவேளையாக, பழைய ஆர்டர் அவர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. புதிதாக வரவிருந்த ஆர்டர் மட்டும் கைமாறியது. எங்கே போனது தெரியுமா? நாங்கள் தைத்துக் கொடுக்கிற கம்பெனிக்கு. அந்த அப்பரை நாங்கள்தான் தைத்தோம், அவர் கம்பெனியின் பெயர் எழுதிய மிஷினில். ஊருக்கு நல்லது செய்தால் தொழிலுக்கு லாபம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது முழுக்க உண்மை. லாபம் எந்தத் தொழிலுக்கு என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

போன மாதம் மகளைப் பார்த்துவிட்டு வேலூர் சத்துவாச்சாரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மேனேஜர் வந்தார். தலை நரைத்திருந்தது, கையில் காய்கறிப் பை. என்னைப் பார்த்ததும் ஒதுங்கப் பார்த்தார். விடுவேனா?

“நல்லா இருக்கீங்களா சார்? இப்ப எந்தக் கம்பெனி?”

“எங்கியும் இல்லம்மா. அங்கிருந்து வந்துட்டேன். இப்ப வீட்லதான் இருக்கேன்.”

“சும்மாவா சார்?” என்று கேட்டேன்.

அதற்குள் ஆம்பூர் பஸ் வந்தது. கொட்டகையில் மூட்டை வந்து காத்திருக்கும் என்று ஏறிவிட்டேன்.