ஏலத்தில் போன புள்ளிக்கோழி

வருஷக் கடைசியில் மனிதர்கள் எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். பழக்கம் என்ன, பைத்தியம் என்றே சொல்லலாம். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தெரு. தெருக்கோடியில் ஓலைக்கூரை போட்ட கோயில், உச்சியில் ஒரு மரச்சிலுவை. கிறிஸ்துமஸ் கழிந்து வருகிற கடைசி ஞாயிறன்று, அந்த வருஷம் ஆண்டவர் கொடுத்ததற்கு நன்றியாக வீட்டுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும், எங்கள் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அவற்றை வெளியே புளியமரத்தடியில் ஏலம் விடுவார். வருவது கோயிலுக்கு.

நிலம் இல்லாதவர்கள் நாங்கள். கூலியாக வந்த கேப்பை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, கூரைமேல் ஏறிய கொடியில் காய்த்த பரங்கிக்காய், வளர்த்த கோழி, இவைதான் எங்கள் விளைச்சல். நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு எல்லோர் கையையும் பார்ப்பேன். நல்ல காயை வீட்டில் வைத்துவிட்டுச் சூம்பிப்போனதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் யார்? வருஷம் முழுக்கத் தெருவோடு சண்டை போட்டுவிட்டு அன்றைக்கு மட்டும் மல்லாட்டையைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்து வைக்கிறவர் யார்? ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால்கூட ஒரு கண் திறந்துதான் இருக்கும். அம்மா தொடையில் கிள்ளுவாள்.

பிற்பாடு நாற்பதுகளில், நானே திண்டிவனத்தில் டீச்சராகிவிட்ட பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர், எங்கிருந்து பிடித்தாரோ, ஒரு முழுச் சோப்புக்கட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சபை முழுக்க அதையே பார்த்தது. பிரசங்கம் யார் காதிலும் ஏறவில்லை.

ஆனால் எங்கள் தெருவில் அந்த ஏலத்துக்கு ஒரு சூட்சுமம் இருந்தது. காயும் தானியமும் கைமாறும். ஆட்டையோ கோழியையோ ஆசையாக வளர்த்ததையோ கொடுத்தவர் மட்டும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். தன் பொருளைத் தானே கேட்பது அழகில்லை என்பதால் வேறொருவர் அவருக்காகக் கேட்பார். மற்றவர்கள் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உபதேசியாரும் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடுவார். கொடுத்தது மாதிரியும் ஆயிற்று, வீட்டில் இருந்த மாதிரியும் ஆயிற்று.

இதில் எங்கள் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. கையில் வந்த எதையும் விடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் நடை பழகுவதற்குள் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு களையெடுத்தும் நாற்று நட்டும் என்னை வளர்த்தவள். அவளிடம் ஒரு புள்ளிக்கோழி இருந்தது, கறுப்பில் வெள்ளைப் புள்ளி. வருஷா வருஷம் அந்தக் கோழியைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்துக் கோயிலுக்கு எடுத்துப்போவாள். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்து ஏலம் கேட்பாள். மத்தியானம் கோழி எங்கள் கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கும்.

நான் எட்டாவது பாஸான வருஷம், முப்பதுகளின் நடுவில், அது தவறிப்போயிற்று. அந்த வருஷமே எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. விழுப்புரத்தில் போர்டிங்கில் தங்கி டீச்சர் டிரெயினிங் படிக்கலாம், இடம் வாங்கித் தருகிறேன் என்று பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாள் சொல்லியிருந்தாள். எனக்கு உயிரே அதில்தான் இருந்தது. கேள்வி கேட்டால் தலையில் குட்டாமல் பதில் சொல்கிற இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்றால் போகாமல் இருக்க முடியுமா? அம்மா முடியாது என்றுவிட்டாள். "நீ போய்ட்டா இந்த வூட்ல நான் யாரோட பேசறது?" என்று ஒரே கேள்வி. 

அந்த டிசம்பரில் எங்கள் தெருவுக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். மனைவியின் தங்கை வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்தவர். அவருக்கு எங்கள் சூட்சுமம் என்ன தெரியும்? புள்ளிக்கோழி மேலே தூக்கப்பட்டதும் அத்தை கேட்டாள். அவரும் கேட்டார். தெருவே தலை நிமிர்ந்தது. அவருடைய மச்சினி தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினாள். அவரோ அதை, விடாதே, கேள் என்று எடுத்துக்கொண்டார். அத்தை அம்மாவைப் பார்த்தாள், அம்மா தலையசைத்தாள். அவர் ஏற்றினார். மறுபடி அத்தை, மறுபடி அவர். முந்தானை முடிச்சில் இருந்த காசைத் தாண்டியதும் அம்மா தலையசைப்பதை நிறுத்திவிட்டாள். உபதேசியார் ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் இருமினார். இருமலுக்கும் ஒரு அளவு உண்டே. கோழி போய்விட்டது.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் யாரையாவது பிடித்துக்கொள்வாள். இரண்டும் நடக்கவில்லை. நேரே அந்த ரயில்வேக்காரரிடம் போய், அடைகிற இடம் இருட்டாக இருக்க வேண்டும், நொய் போட்டால்தான் தின்னும், மழையில் நனைந்தால் கோபித்துக்கொண்டு முட்டையிடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. முகம் சுண்டிப்போய்க் கோழியை நீட்டினார்.

"தெரியாம கேட்டுட்டேம்மா. நீங்களே வச்சிக்குங்க."

"சாமிக்குக் குடுத்தத எப்பிடிங்க திருப்பி வாங்கறது?" என்றாள் அம்மா.

வருஷா வருஷம் திருப்பி வாங்கியவள்! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

அதற்குப் பிறகு அம்மாவைப் பார்ப்பதே எனக்கு வேலையாயிற்று. பொழுது சாய்ந்தால் கோழி கவிழ்க்கிற கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். பாதி வழியில் நின்று திரும்பி வருவாள். விழுப்புரத்தில் மழையாமே என்று யாராவது சொன்னால் காது கொடுப்பாள். அந்த மச்சினியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் கேட்டால் விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும், அம்மாவின் ரோஷம் என்ன ஆவது? கோழியை அறுத்துத் தின்றிருப்பார்களோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்கும் இருந்தது.

கத்தரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒருநாள் நான் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, விழுப்புரத்தில் ரயில்வேக்காரர்கள் குடியிருக்கிற கோட்ரஸ் எங்கே இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். எனக்கு விழுப்புரமே தெரியாது.

"அப்பிடீன்னா போ. டிசம்பர் வரைக்கும் பாக்கலாம். லீவுல வந்து சொல்லு. திரும்பிப் போறதா வேணாமான்னு அப்பறம் பேசிக்கலாம்."

என்னை விழுப்புரத்துக்கு அனுப்பியது அந்தக் கோழிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அனுப்பிய விதமும் எனக்குப் புரியாமல் இல்லை. கோழியை எப்படிக் கொடுப்பாளோ அப்படித்தான் என்னையும் கொடுத்தாள், வருஷக் கடைசியில் திருப்பி எடுத்துக்கொள்கிற எண்ணத்தோடு.

போர்டிங்கில் எல்லாம் மணிக்குத்தான். எழுந்திருக்க மணி, ஜெபத்துக்கு மணி, சாப்பாட்டுக்கு மணி. முதலில் அந்த மணியைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் வகுப்பில் உலகப்படத்தைச் சுவரில் மாட்டி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றபோது என் வாய் ஓயவில்லை. எனக்காகவே பூகோள வகுப்பை நீட்ட வேண்டியிருக்கிறது என்று டீச்சர் அலுத்துக்கொண்டாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு, மூத்த மாணவி ஒருத்தியோடு கோட்ரஸைத் தேடிப் போனேன். வரிசை வீடுகள், பின்னால் என்ஜின் சாம்பல் கொட்டிய மேடு. பாயிண்ட்ஸ்மேன் டூட்டியில் இருந்தார். யாரென்று சொன்னதும் அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள். என்னால் உட்கார முடியவில்லை. கோழி எங்கே என்றேன். அவள் சாம்பல் மேட்டைக் காட்டினாள். அங்கே நாலைந்து கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. நம்முடையது எது என்று எனக்குத் தெரியவில்லை! அவளே ஒன்றைக் காட்டினாள். கரி படிந்து வெள்ளைப் புள்ளியெல்லாம் சாம்பல் நிறமாகியிருந்தது. பின்னால் குஞ்சுகள் வேறு. பக்கத்தில் ஒரு என்ஜின் புஸ்ஸென்று ஆவி விட்டது. நான்தான் துள்ளி விழுந்தேன், அது தலையைக்கூடத் தூக்கவில்லை. எங்கள் ஊரில் காகம் கத்தினாலே கூடைக்குள் ஓடுகிற கோழி அது.

அம்மா கூப்பிடுகிற மாதிரியே பா பா பா என்று கூப்பிட்டேன். நன்றாகவே கூப்பிட்டேன், குரல்கூட அம்மாவுடையதுதான். வரவில்லை. பாயிண்ட்ஸ்மேன் மனைவி ஒரு தகரக் குவளையை விரலால் தட்டினாள். குஞ்சுகளை விட்டுவிட்டு ஓடி வந்தது.

எனக்குக் கோபமாக வந்தது, நன்றி கெட்ட கோழி என்று. வழியெல்லாம் அதே யோசனை. மறக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? ஒரே நாளில் மறந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? கடைசியாக எப்போது எங்கள் கொல்லையை நினைத்திருக்கும்? யோசித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. கூட வந்தவள் கையை உதறிவிட்டு நான் ஓடினேன். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, கோழிக்குத் தகரக் குவளை, எனக்கு மணி. 

டிசம்பர் லீவுக்குப் பாசஞ்சரில் ஏறினேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்க நிற்க, அம்மாவிடம் என்ன சொல்வது என்றே மனசு அடித்துக்கொண்டது. கோழி ஏங்கிப் போயிருக்கிறது என்றால், நீயும் அப்படித்தான் ஏங்குவாய், இங்கேயே இரு என்பாள். மறந்துவிட்டது என்றால், நீயும் மறந்துவிடுவாய், போகாதே என்பாள். எந்தப் பக்கம் போனாலும் என் படிப்புக்குத்தான் ஆபத்து. எனக்கோ திரும்பிப் போயே ஆகவேண்டும்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டாள்.

"கூப்ட்டா வந்துச்சா?"

"வரலம்மா. குஞ்சு பொரிச்சிருக்குது. நல்லா கொழுத்து இருக்குது. கூப்ட்டேன், வரல."

அம்மா என் மூட்டையை வாங்கி மூலையில் வைத்தாள். கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. என்ன நினைக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போயிற்று. ஒருநாள் விடிகாலையில் எழுந்து நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தன் பாயில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டிங் மணியைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன்.

"இங்க ஏது மணி? நீயா எழுந்துக்கின?" என்றாள்.

நான் பாயை மறுபடியும் பிரித்துச் சுருட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் முடிவு என்ன என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசி ஞாயிறன்று அம்மா வெறுங்கையோடு கோயிலுக்குக் கிளம்பினாள். கூரையில் நல்ல பரங்கிக்காய் இருந்தது, ஞாபகப்படுத்தினேன். பேசாமல் வா என்றாள். எல்லோரும் கொண்டுவந்ததை வைத்தார்கள். முதல் தடவையாக நான் யார் கையையும் பார்க்கவில்லை. ஏலம் தொடங்குமுன் உபதேசியார், எங்கள் வீட்டுக் காணிக்கை எங்கே என்று மெதுவாகக் கேட்டார். போன வருஷத்துக் கதை அவருக்கும் மனசில் இருந்திருக்க வேண்டும்.

அம்மா எழுந்து நின்றாள்.

"ஜூன் மாசமே குடுத்துட்டேங்கய்யா. தோ, பக்கத்துல உக்காந்துக்கினு இருக்குது. லீவு முடிஞ்சதும் விழுப்புரம் போவுது. இத நான் திருப்பி எடுக்கறதா இல்ல."

புளியமரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார்கூடச் சிரித்தார். நான் கேட்டு அழுதது, கனவு கண்டது எல்லாம் கையில் வந்துவிட்டது. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தை வழக்கம்போல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையசைத்தால் கேட்டுவிடுவதற்கு. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை தலையசைக்க மாட்டாளா என்று இருந்தது எனக்கு.