தட்டாரப்பூச்சிக்குப் பின்னால் போன கோடைகள்

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொல்லலாம், தலையை நிமிர்த்தச் சொல்லலாம். தட்டாரப்பூச்சியிடம் ஒன்றும் சொல்ல முடியாது, அது உட்காரும்வரை நாம்தான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். சித்திரை வெயிலில் கேமராவோடு முட்டி போட்டவர்களுக்கு என் பாடு புரியும்.

நீடாமங்கலத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. அறுபத்தேழில் புது ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவரொட்டி போட வயல் பூச்சிகளின் படம் வேண்டும் என்று விவசாய ஆபீஸில் கேட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் வாய்க்கால் கரையோடு நடக்க ஆரம்பித்தேன். சுவரொட்டி வேலை அந்தக் கோடையோடு முடிந்தது, பழக்கம் விடவில்லை. ஆனால் கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் ஊருக்கு ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. கேமராவோடு வரப்பில் படுத்துக் கிடப்பவனை யார் நம்புவார்கள்?

ரோலைக் கழட்டுங்க

நொச்சிப் புதரடியில் குப்புறக் கிடந்து ஒரு கும்பிடுபூச்சியை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், உளுந்து அறுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். கூலித் தகராறில் அவர்கள் தெரு ஆண்கள் சிலரைப் போலீஸ் பிடித்துப்போயிருந்தது எனக்குத் தெரியாது. முன்னால் நின்றவர் அஞ்சலை. அவர் வீட்டுக்காரரும் உள்ளேதான் இருந்தார். "யாரை அடையாளம் காட்டப் படம் பிடிக்கிறீங்க? ரோலைக் கழட்டுங்க" என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பிலிம் ரோலில் என் ஒரு மாத அலைச்சலும் இருந்தது.

என் கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கும் வகை. அதை அசைக்காமல் நகர்ந்து இடம் விட்டு, "கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துருங்கம்மா" என்றேன். அஞ்சலை குனிந்தார். கண்ணாடியில் அந்தப் பூச்சி முன்னங்கால்களைக் கூப்பிக்கொண்டு தலையை மட்டும் திருப்பியது. அவர் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ரோல் தப்பியது. அதோடு விடாமல், தகராறில் எதிர்ப்பக்கமான ஊர் மிராசுதாரின் ஆட்கள் நின்ற மதகைத் தாண்டும்வரை எனக்குத் துணையாக நடந்தும் வந்தார்கள். பிரியும்போது அஞ்சலை சொன்னார்: "நாங்க கும்பிட்டா எவனும் திரும்பிப் பாக்கறதில்லை. பூச்சி கும்பிட்டா படம் எடுக்க ஆள் வருது பாருங்க."

வெளிமான்

வேதாரண்யத்தில் இறங்கி, கோடியக்கரைக் காட்டுக்கு வெளிமான் எடுக்கப் போனேன். காட்டுக் காவலர் ஒருவர் தண்ணீர்க் குழிக்குப் பக்கத்தில் என்னை மறைவாக உட்காரவைத்து, தன் சாப்பாட்டிலும் பாதி கொடுத்தார். மான் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று குழியோரத் தட்டான்களை எடுத்து ரோலைத் தீர்த்தேன். புது ரோல் மாட்டக் கேமராவின் முதுகைத் திறந்ததுதான் தாமதம், முறுக்குக் கொம்போடு ஒரு கறுத்த ஆண் மான் வந்து நின்றது. நிதானமாகத் தண்ணீர் குடித்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். காவலர் தோளைத் தட்டினார்: "விடுங்க சார். நீங்க அதை எடுக்கலைன்னா என்ன, அது உங்களை நல்லாப் பாத்துட்டுத்தான் போச்சு."

கதண்டு

வேறொரு கோடையில், பனைமரத்தில் கதண்டுக் குளவியின் கூடு இருந்ததைக் கவனிக்காமல் அடியில் போய் நின்றேன். கொட்டின கொட்டில் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, வரப்பில் விழுந்தேன். சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் மிராசுதாரின் காரியஸ்தர். என்னைச் செங்கொடிக் கட்சிக்காரன் என்று நினைத்து முன்பு இரண்டு முறை விரட்டியவர். எதிர்ப்பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்த காளியப்பனும் வந்தார். அஞ்சலையின் வீட்டுக்காரர், ஜெயிலிலிருந்து திரும்பியிருந்தார். அந்த இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாள்.

காரியஸ்தரின் சைக்கிளில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் தள்ள, காளியப்பன் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வழி நெடுக ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. "அவரைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க" என்று காரியஸ்தர் என்னிடம் சொல்வார். "மெதுவாத் தள்ளச் சொல்லுங்க" என்று காளியப்பனும் என்னிடமே சொல்வார். எனக்கு உதடு வீங்கி வாயே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "நீங்க ரெண்டு பேரும் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார். காளியப்பன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "முதல்ல இவரைப் பாருங்கம்மா. நாங்க சண்டைக்காரங்க, எங்களுக்கு அவசரமில்லை."

மாட்டின் மேல் கரிச்சான்

கோடை உழவில் ஏர் மண்ணைப் புரட்டப் புரட்டப் பூச்சிகள் கிளம்பும். அவற்றைப் பிடிக்கக் கரிச்சான் குருவி மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு சவாரி போகும். அப்படி எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கி ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்தேன். சவரிமுத்து என்கிற குத்தகை விவசாயி அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. "சார், அது என் மாடு. பின்னாடி நிக்கிறது நான்" என்றார். தாசில்தார் ஆபீஸில் குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு லேசில் வெளியேற்ற முடியாது. நிலக்காரரோ, சவரிமுத்து அந்த வயலில் ஏரே ஓட்டியதில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். அந்த நிலக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுப்பதாகப் பேச்சு. இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு படத்தைக் கழற்றிக்கொண்டு விசாரணைக்குப் போனேன்.

"ஐயா, இது குருவிப் படம்" என்றது நிலக்காரர் தரப்பு. தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "குருவி மாட்டு மேல இருக்கு. மாடு ஏர்ல இருக்கு. ஏர் யார் கையில இருக்கு?" என்றார். எந்த வயல், எந்தக் கோடை என்று நான் சொன்னேன். பக்கத்து வயல்காரர்களும் துணிந்து சாட்சி சொன்னார்கள். பெயர் பதிவானது. கல்யாணம் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. ஆபீஸ் வாசலில் சவரிமுத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னது இதுதான்: "அடுத்த தடவை குருவியைக் கொஞ்சம் சின்னதா எடுங்க சார், எங்க மூஞ்சி தெளிவாத் தெரியட்டும்."

இத்தனை கோடையில் நான் சம்பாதித்தது ஒரு கறுத்த முதுகும், எந்த ஊர் வரப்பில் போனாலும் "வாங்க, பூச்சி சார்" என்று கூப்பிடும் சில குரல்களும்தான். முதுகுக்கு மட்டும் வைகாசி வந்தால் எரிச்சல் உண்டு.