இரண்டு லயங்களும் ஒரு கைப்பேசித் திரையும்

எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு இணையத்தளம் செய்து தருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். திருவிழா அறிவிப்பை முகநூலில் போட்டால் மறுநாளே காணாமல் போய்விடுகிறது என்று, பக்கத்து ஊரான சுவாவிலிருந்து வரும் கோயில் தலைவர் அலுத்துக்கொண்டார். எனக்குத் தொழிலே அதுதான். லிங்கி பக்கத்துக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் தளம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஆனால் உண்மையான காரணம் தலைவருக்குத் தெரியாது. என் அக்கா அதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் திருவிழாவுக்கு வர வேண்டும். என் பக்தி அவ்வளவுதான்.

அம்மா காலமான பிறகு அக்கா என்னைச் சுங்கை காடுட்டுக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை, பக்கத்திலேயே வீடு. "யாருமில்லாத லயத்துல என்னத்தக் காவல் காக்கப் போற?" என்றாள். வரமாட்டேன் என்றேன். அவள் கத்தினாள், நான் அதைவிடக் கத்தினேன். மூன்று வருடமாகப் பேச்சில்லை. இப்போது தோட்டத்து லயங்களில், அந்த நீள வரிசை வீடுகளில், தமிழ் பேசும் வீடு என்னுடையது மட்டும். பக்கத்து வீடுகளில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிகள் நல்லவர்கள். பார்த்தால் சாப்பாடு ஆச்சா என்று மலாயில் கேட்பார்கள், ஆச்சு என்பேன். சில நாள் நான் பேசிய மொத்தப் பேச்சே அதுதான்.

தளத்துக்கு ஆயத்த வடிவம், அதாவது தீம், தேட உட்கார்ந்தேன். எதைத் திறந்தாலும் ஒரு காப்பிக் குவளை, அதன் பக்கத்தில் காரணமில்லாமல் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரி. முதலில் எடுத்தது, முகப்பில் படம் படமாக ஓடும் வகை. மடிக்கணினியில் ராஜாவாட்டம் இருந்தது. தோட்டத்தில் கிடைக்கிற இணைய லைனுக்குக் கைப்பேசியில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே கிடந்தது. போடா என்று தூக்கிப் போட்டேன். அடுத்தது கல்யாண மண்டபங்களுக்கென்று செய்தது; தமிழைப் போட்டதும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவது வெறும் வெள்ளை. ஆடம்பரம் இல்லை, எழுத்து பெரிது, எந்தத் திரைக்கும் தன்னைக் குறுக்கிக்கொள்ளும். பகுதிகளை இழுத்து வைத்து அடுக்க ஓர் இலவசக் கருவியையும் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள் என்பதால் என் பழைய போனிலும் தலைவருடைய பெரிய போனிலும் சோதித்தேன். படம் வெட்டுப்படவில்லை, பொத்தான்கள் விரலுக்கு அடங்கின.

கடைசியாக, எந்த வீட்டுக்கு எந்த உபயம் என்ற பட்டியல். எல்லாரும் வெளியூர் போய்விட்டாலும் உபயம் இன்றும் பழைய வீட்டு நம்பரின் பேரில்தான். எங்கள் தோட்டத்தில் ரோட்டு லயம், ஆற்று லயம் என்று இரண்டு. யார் முன்னால் என்ற சண்டை வரக்கூடாது என்று, திருவிழாவில் இரண்டு லயத்துப் பூசைத் தட்டுகளும் ஒரே நேரத்தில் கோயில் வாசலைத் தாண்டும். நோட்டீசிலும் இரண்டு பட்டியல்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் அச்சாகும். நானும் அப்படியே இடப்பக்கம் ரோட்டு லயம், வலப்பக்கம் ஆற்று லயம் என்று போட்டேன். திரையில் அகலம் போதாவிட்டால் வலப்பக்கம் இருப்பதை அந்தக் கருவி தானாகவே மற்றதன் அடியில் இறக்கிவிடும். கைப்பேசியில் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அழகாக அடுக்கியிருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். நான் ரோட்டு லயத்துக்காரன், எனக்கு எங்கே உறைக்கும்?

வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தலைவர் கூப்பிட்டார்.

"என்ன தம்பி இது? ஆத்து லயத்துக்காரங்க என்னைப் போட்டுக் கிழிக்கிறாங்க!"

அதன் பிறகு எத்தனையோ வருடம் குரலே கேட்காதவர்கள் எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார்கள். உங்கள் தட்டு போன பிறகுதான் எங்கள் தட்டா என்று ஒருவர் பாய்ந்தார். மதியம் சாப்பிட உட்காரும்போது அக்காவின் எண் வந்தது. அவள் கட்டிக்கொண்டு போனது ஆற்று லயம், பதினாலாம் நம்பர் வீடு.

"ஏன்டா, கட்டிக் குடுத்துட்டா நாங்க ஒங்களுக்குக் கீழயா?"

"போன்ல அது தானா எறங்கிடுதுக்கா."

"கம்ப்யூட்டர் மேல பழி போடாத. மொதல்ல அத சரி பண்ணு."

வைத்துவிட்டாள். மூன்று வருடம் கழித்து அவள் குரல். திட்டாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கருவியைத் திறந்தேன். எந்தத் திரையிலும் இரண்டு வரிசையும் பக்கத்திலேயே நிற்கும்படி மாற்றினேன். எழுத்து கொஞ்சம் சிறிதானது, போகட்டும். சரியாகிவிட்டது என்று குழுவிலும் அக்காவுக்குத் தனியாகவும் அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டதற்கு நீலக்குறி இரண்டும் விழுந்தன. பதில் இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. தப்பாகச் செய்தபோது ஊரே கூப்பிட்டது, சரியாகச் செய்தபோது கேட்க ஒரு நாதி இல்லை. எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில் பதினாலாம் நம்பரை மட்டும் பட்டியலிலிருந்து உருவி, இரண்டு லயத்துக்கும் அடியில், தன்னந்தனியாக வைத்தேன். இணைப்பை அவளுக்கு மட்டும் அனுப்பினேன். வேலை முடிகிற நேரத்துக்கு அழைப்பு வந்தது.

"வேணும்னே பண்ணியா?"

"ஆமா."

"எதுக்குடா?"

"சரியா இருந்தா நீ கூப்பிட மாட்டேங்கிறியே."

அவள் பக்கத்தில் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அதத் தொடாத, அங்கயே கெடக்கட்டும்," என்றாள். "திருவிழாவுக்கு நேர்ல வந்து ஒன்னைக் கவனிச்சிக்கிறேன்."